காயட்டும் என்று கையைப் பிடித்தவர்

எப்பவந்தாரைக் கண்டு ஓடாதவர் என்று காஞ்சிபுரத்தில் ஒருவரும் இருந்ததில்லை. குழந்தைகள் ஓடும். பிடித்துவரப் போன தகப்பன்மார் திரும்பி வரமாட்டார்கள். தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர் எழுந்து ஓடுவது லேசான காரியமில்லை. பிள்ளையார்பாளையத்தில் அவர்களும் ஓடினார்கள். ஓடாமல் நின்றவன் அநேகமாக நான் ஒருவன்தான். நின்று, அவரிடமிருந்து அவருடைய நோட்டை வாங்கி, அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். கிழித்தது மட்டுமல்ல, அப்படி ஒரு தாளே இருந்ததில்லை என்று சபையார் முன்னால் சொன்னேன். எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இதை முதலில் சொல்லாமல் அவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு உரிமையில்லை.

அவருக்கு வேலை அம்மை குத்துவது. காக்கிக் கோட்டு, சைக்கிள், சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டி. பெட்டிக்குள் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழல்களில் அம்மைப்பால், பல் வைத்த ஒரு இரும்புத் திருகு. கையில் ஒரு சொட்டுப் பாலை வைத்துத் திருகை ஒரு சுற்றுச் சுற்றுவார். அந்த வலி ஒரு நொடிதான். ஊர் ஓடியது அதற்காக இல்லை. அதற்குப் பிறகு வருவதற்காக.

குத்திய இடத்தைத் துடைக்கக் கூடாது. பால் தானாகக் காய வேண்டும். காயும்வரை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "காயட்டும்" என்பார். பிறகு கேட்பார்: "அதுக்குள்ள சொல்லுங்க. நீங்க எப்ப வந்தீங்க?"

அதாவது, உங்கள் குடும்பம் எந்தக் காலத்தில், எந்த ஊரிலிருந்து, என்ன காரணத்துக்காகக் காஞ்சிபுரத்துக்கு வந்தது என்று அர்த்தம். ஊர் அவருக்கு எப்பவந்தார் என்று பெயர் வைத்தது இதனால்தான். அவருடைய கொள்கை ஒன்றே ஒன்றுதான். "இந்த ஊர்ல ஊர்க்காரன்னு ஒருத்தனும் கிடையாதுபா. எல்லாம் வந்தவன்தான். முன்ன வந்தவன் பின்ன வந்தவனப் பாத்து வந்தேறின்றான், அவ்ளோதான்."

கதை சுருக்கமாக இருந்தால் பால் சீக்கிரம் காய்ந்துவிடும். கதை சுவாரசியமாக இருந்தால் காயவே காயாது. பட்டு வியாபாரி ஒருவர், வீட்டில் தெலுங்கு பேசுபவர், இப்படித்தான் ஒரு நாள் கடை வாசலிலேயே அகப்பட்டுக்கொண்டார்.

"நாங்கள்லாம் ஆதியிலேருந்து இங்கதான்யா. கைய விடு."

"ஆதின்னா எந்த வருஷம்?"

"ஆதின்னா ஆதிதான்!"

"அப்போ ஊட்ல ஏன் செட்டியாரே தெலுங்கு? ஆதியில இங்க எல்லாரும் தெலுங்கா பேசிக்கினு இருந்தாங்க?"

"ஏமய்யா, வாடிக்கைக்காரங்க நிக்கிறாங்க…"

"இன்னும் காயல."

கடைசியில் செட்டியாருடைய தாத்தாவின் தாத்தா கடப்பைப் பக்கத்திலிருந்து, இரண்டு எருமைகள், ஒரு தறி, கோபித்துக்கொண்ட மனைவி சகிதம் வந்த கதை வெளியில் வந்தது. வாடிக்கைக்காரர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். ஜரிகைக் கடை பாய், "நாங்க ஆற்காட்டு நவாப் காலத்துல" என்று பெருமையாக ஆரம்பித்து, நவாபுக்குக் கடன் கொடுத்துவிட்டு வாங்க முடியாமல் ஊரை விட்டு வந்த கதையில் முடித்தார். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ் இன்ஸ்பெக்டரிடமும் அதே கேள்விதான். "மூன்று மாதம் முன்பு" என்றார் அவர். எப்பவந்தார் மனம் குளிர்ந்துபோய், "உண்மையச் சொன்ன மொத ஆளு நீங்கதான் சார்" என்று உடனே கையை விட்டார்.

கேட்டதையெல்லாம் அம்மைப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில், 'குறிப்பு' என்று போட்டிருக்கும் இடத்தில் எழுதிவிடுவார். மற்ற அம்மை குத்துபவர்கள் அங்கே 'காய்ச்சல்', 'வீடு பூட்டு' என்று எழுதுவார்கள். இவர் எழுதியது: 'ஏழு தலைமுறைக்கு முன் மாமியார் சண்டையால் வந்தது.' மேலதிகாரி கூப்பிட்டு மிரட்டிய பிறகு, தனியாக ஒரு நீள நோட்டு வாங்கி, தாளுக்குத் தாள் இரண்டு பக்கமும் நம்பர் போட்டு, அதில் எழுத ஆரம்பித்தார். நம்முடைய கதை அந்த நோட்டில் இருக்கிறது.

எங்கள் கோயிலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பிள்ளையார்பாளையம் முடிந்து செவிலிமேட்டுக்குப் போகிற வழியில், காரை பெயர்ந்த ஒரு சின்ன வேதக் கோயில், அதைச் சுற்றி முப்பது வீடு. அறுபதுகளின் கடைசியில் நான் அந்தச் சபையின் காரியதரிசி, பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். எப்பவந்தாரும் அதே சபைதான். 1876-ல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் வெள்ளைக்காரப் பாதிரியார் கஞ்சித் தொட்டி வைத்த இடத்தில், கஞ்சி குடிக்க வந்தவர்களே செங்கல் சுமந்து கட்டிய கோயில் அது. வந்தவர்கள் எல்லோரும் பாலாற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கூலிக்கு உழைத்த, நிலமில்லாத ஜனங்கள்.

எங்கள் வீட்டைத் தவிர. அப்படித்தான் நாங்கள் சொல்லிவந்தோம். எங்கள் மூதாதை பாதிரியாருக்கு முன்ஷியாக மதராசிலிருந்து வந்தவர். கஞ்சி வரிசையில் நின்றவர் அல்ல, வரிசையில் நின்றவர்களின் பெயரை எழுதியவர். என் தாத்தா சொல்லும்போது அவர் மாட்டுவண்டியில் வந்தார். அப்பா சொல்லும்போது பல்லக்கில் வந்தார். என் முறை வந்திருந்தால் ரயிலையே வரவழைத்திருப்பேன்.

பாதிரியாரோடு வந்ததால் நாங்களே முதலில் வந்தவர்கள் என்று எங்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை சபை நாளன்று கோயில் மணியின் கயிற்றை முதலில் இழுப்பது, முதலில் வந்த குடும்பத்தின் பெரியவர். அதற்கு 'முதல் மணி' என்று பெயர். தாத்தா இழுத்தார், பிறகு அப்பா. அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபை மூப்பர், எதற்கும் இளகாத மனிதர். சபை நாளுக்கு முந்தின வாரம் மட்டும் கொல்லைப்புறத்தில் துணிக்கொடியை இழுத்து இழுத்து ஒத்திகை பார்ப்பார்.

எப்பவந்தாருக்கு முன்ஷி கதையில் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். கஞ்சி காய்ச்சிய அடுப்பைக் கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடப்பாரையோடு வந்து கோயிலின் பின்புறம் தோண்டினார். இடுப்பளவு ஆழத்தில் சாம்பலும் கரிந்த சட்டித் துண்டுகளும் கிடைத்தன. புதையல் எடுக்கிறார் என்று வந்து பார்த்த போதகருக்குக் கிடைத்தது, பள்ளத்துக்குள் விழுந்து கிடந்த அவருடைய இரண்டு பெட்டைக்கோழிகள்தான்.

பிறகு பட்டியல் கிடைத்தது. அந்தப் போதகருக்குப் பிறகு வந்த வயதான போதகர், வீட்டுப் பரணில் பாதிரியாரின் மனைவி இங்கிலீஷில் எழுதிவைத்த கஞ்சிப் பட்டியல் இருப்பதாக ஒரு முறை சொல்லி, பார்க்கவும் விட்டிருந்தார். யார் எந்த வரிசையில் வந்தார்கள் என்று அதில் நாள்வாரியாக இருந்தது. பாதியைக் கரையான் தின்றிருந்தது. மிச்சத்தை எப்பவந்தார் தமிழில் மாற்றித் தன் நோட்டில் ஒரு தாள், இரண்டு பக்கம், எழுதிக்கொண்டார். அடுத்த மழைக்குள் மூலமும் கரையானுக்குப் போய்விட்டது. அந்தப் போதகரும் மாற்றலாகிப் போய்க் காலமாகிவிட்டார். ஆக, உலகத்தில் அந்தப் பட்டியலுக்கு மிச்சம் அந்த ஒரு தாள்.

அந்த வருடம் சபை நாளைப் பெரிதாகக் கொண்டாடி மலர் ஒன்று போடுவதாக இருந்தோம். மலருக்கு நான்தான் பொறுப்பு. எப்பவந்தார் நோட்டை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

"வாத்யாரே, நாப்பத்தொண்ணாம் பக்கம் பாருங்க. மொத நாளு, மொத பேரு யாருன்னு பாருங்க. உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா நீங்க சரித்திரம் படிச்சவரு."

பார்த்தேன். முதல் நாள், முதல் பெயர்: சின்னம்மாள். மூன்று குழந்தைகளுடன். ஒன்று தன்னுடையது, இரண்டு வழியில் கண்டு எடுத்தது. மறுநாள் முதல் கஞ்சி ஊற்றக் கரண்டி பிடித்தாள். அந்தச் சின்னம்மாளின் வம்சத்தில் மிச்சம் இருந்தவர் ரூத்தம்மா. ரூத்தம்மா எங்கள் கோயிலைப் பெருக்கி, பாய் விரித்து, விளக்குத் துடைப்பவர்.

பக்கத்தின் அடியில், கடைசி வரியில், எங்கள் மூதாதையின் பெயர் இருந்தது. முன்ஷி இல்லை. பல்லக்கு இல்லை. 'மூன்றாம் நாள். கால்நடையாக வந்தவர். கஞ்சி வாங்கிக்கொண்டு போய், இரண்டாம் முறையும் வந்து வரிசையில் நின்றார்.'

என் காது சுட்டது இன்றும் நினைவிருக்கிறது. இரண்டாம் முறை! பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோற்றுக்கு இரண்டாம் முறை வந்து நிற்கும் பையன்களை நான் பெயர் சொல்லி வெளியே நிறுத்தியிருக்கிறேன். தாளை மெதுவாக, தையலோடு ஒட்டி, சத்தம் வராமல் கிழித்தேன். நாலாக மடித்து என் சர்ட்டிபிகேட்டுகள் இருந்த உறைக்குள் வைத்தேன். எரிக்கவில்லை. அதை ஒரு நல்ல குணமாகச் சொல்லவில்லை. எரிக்கிற தைரியமும் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து சபைக் கூட்டம். ரூத்தம்மாவுக்கு விஷயம் காதில் விழுந்திருக்க வேண்டும். வழக்கமாகத் துடைப்பத்தோடு நிற்பவர் அன்று கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில், வாசற்படி ஓரமாக நின்றார். எப்பவந்தார் எழுந்தார்.

"இந்த வருஷம் மொத மணி ரூத்தம்மா அடிக்கணும். ஞாயம் அதான்."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்பா, எந்த ஆதாரத்துல சொல்றே?"

"ஆதாரம் கையிலயே இருக்குது" என்று நோட்டைப் பிரித்தார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அப்புறம் நாற்பத்து மூன்று. எச்சில் தொட்டுத் திரும்பப் புரட்டினார். மறுபடி நாற்பது, மறுபடி நாற்பத்து மூன்று.

பின்னாலிருந்து ஒரு குரல்: "எப்பவந்தாரே, பக்கம் எப்ப போச்சு?"

கோயிலே சிரித்தது. எப்பவந்தார் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "வாத்யாரே, நீங்க பாத்தீங்கல்ல?"

நான் எழுந்து நின்று, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன்: "நோட்டு என்கிட்ட வந்தப்பவே அப்படித்தான் இருந்தது. சரித்திரம்னா ஆதாரம் வேணும் ஐயா. சும்மா சொல்லிட முடியாது."

அவர் நோட்டை மூடினார். "எழுதனது எனக்குத் தெரியும்பா" என்றார், யாரிடம் என்றில்லாமல். ரூத்தம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தார். சபை நாளன்று அப்பா கயிற்றை இழுத்தார். நல்ல கணீரென்ற மணி அது.

அதற்குப் பிறகு எப்பவந்தார் கேட்பதை நிறுத்திவிட்டார். வந்தார், குத்தினார், காயும்வரை கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார், போனார். ஊருக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. ஒரு மாதத்தில் என்னமோபோல் ஆகிவிட்டது. பட்டுக்கடைச் செட்டியாரே ஒரு நாள் தானாகக் கையை நீட்டி, "ஏன்பா, என்ன ஒண்ணும் கேக்க மாட்டியா? எங்க அம்மா வழிக் கதை தனியா இருக்குது" என்றாராம். "வாணாம் செட்டியாரே. ஆதாரம் இருக்காது" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாராம்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் வந்தார். பையன்களுக்குப் பிறகு வாத்தியார்கள். என் முறை வந்தது. திருகு ஒரு சுற்று. "காயட்டும்" என்றார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் காத்திருந்தேன். அவர் கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று அந்த நிமிடம் உண்மையாகவே நினைத்தேன். அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து காஞ்சிபுரத்தில் எந்தக் கையும் காய அவ்வளவு நேரம் ஆனதில்லை.

"காஞ்சிடுச்சி. போங்க சார்." வாத்யாரே போய் சார் ஆகிவிட்டது.

ஆறு வருடம் போனது. அம்மை ஒழிந்தது. அவரும் ஓய்வுபெற்று ஓரிக்கையில் தங்கை வீட்டோடு போய்விட்டார். கோயிலுக்கு வருவதும் நின்றுபோனது. அப்பாவுக்குத் தள்ளாமை வந்து, அடுத்த முதல் மணி உன்னுடையது என்று என்னிடம் சொன்னார். அன்று இரவு வேறொரு காரியமாக சர்ட்டிபிகேட் உறையைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் இல்லை. அந்த உறை எங்கே இருக்கிறது என்பது ஆறு வருடமும் எனக்கு நாள் தவறாமல் தெரியும். கயிற்றை நானே இழுக்க வேண்டும் என்றபோதுதான் பயம் வந்தது. மறுநாள் காலை தாளை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஓரிக்கைக்குப் போனேன்.

மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் தாளை வாங்கவில்லை.

"தெரியும்."

"தெரியுமா?"

"நம்பர் போட்டவன் நான். நோட்டு போனது ஒரே ஒருத்தர் ஊட்டுக்கு. இதுக்கு என்னா பெரிய சரித்திர ஆராய்ச்சி?"

"அப்பவே ஏன் சொல்லல ஐயா?"

"சொன்னா ஆதாரம் கேப்பீங்களே."

வைக்கோலை உதறினார். பிறகு கேட்டார்: "பின்பக்கம் படிச்சீங்களா?"

"எந்தப் பின்பக்கம்?"

"நாப்பத்திரெண்டு. தாளுன்னா ரெண்டு பக்கம் இருக்கும்ல?"

படிக்கவில்லை. எங்கள் பெயர் முன்பக்கத்தின் கடைசி வரி. அதைப் படித்த கையோடு கிழித்து மடித்ததுதான். ஆறு வருடத்தில் ஒரு நாளும் திருப்பிப் பார்க்கவில்லை. எப்பவந்தார் மாட்டைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டுக்கினியா? சரித்திர வாத்யாராம்!"

அங்கேயே நின்று திருப்பிப் படித்தேன். முன்பக்கத்து வரி அங்கே தொடர்ந்திருந்தது. 'தெரிந்தும் ஊற்றினோம். ஆள் அனுப்பிப் பார்த்ததில், மனைவி நடக்க மாட்டாமல் பாலாற்று மணலில் கிடக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி. இரண்டாம் கஞ்சி அவளுக்கு. முதல் கஞ்சியும் அவளுக்கே, இவர் குடிக்கவில்லை.'

அந்தப் பிள்ளைதான் என் தாத்தா.

"இத நீங்களே வச்சிக்கணும் ஐயா" என்று மறுபடி நீட்டினேன்.

"எங்கிட்ட எதுக்கு? எங்க நின்னு இல்லன்னு சொன்னீங்களோ, அங்க நின்னு படிங்க. அப்புறமா வாங்கிக்கிறேன்."

சபை நாளன்று கோயில் நிரம்பியிருந்தது. எப்பவந்தார் கடைசி வரிசையில், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கயிற்றுக்குப் போக வேண்டிய நேரத்தில் நான் எழுந்து, தாளைப் பிரித்து, கிழித்தது நான் என்பதை முதலில் சொன்னேன். அப்பாவின் தடி தரையில் ஒரு முறை தட்டியது. சின்னம்மாளின் பெயரைப் படித்தேன். ஒவ்வொரு பெயராகப் படித்து எங்கள் பெயருக்கு வந்தேன். 'இரண்டாம் முறையும் வந்து நின்றார்' என்றதும் அப்பா எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார். தாளைத் திருப்பினேன். 'தெரிந்தும் ஊற்றினோம்' என்று படிக்கும்போது படி இறங்கிக்கொண்டிருந்தார். கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"ரெண்டுமே அவளுக்கா?" என்றார், திரும்பாமல்.

"ஆமாம்பா."

ரூத்தம்மாவைக் கூப்பிட்டோம். "எனக்கு எதுக்கு சார் மணியெல்லாம்? மொதல்ல கயிற மாத்துங்க. இத்துப் போயி கெடக்குது, பெருக்கறவளுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இழுத்தார். பிறகு யாரும் சொல்லாமலே பட்டியலில் வந்த வரிசையில் ஒவ்வொரு வீடாக எழுந்து வந்து நின்றது. மணி நிற்காமல் அடித்ததில், யார் செத்தது என்று கேட்டுப் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு தன் இடத்தில் நின்று, ஒரு முறை இழுத்தார். போனார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் வரிசையின் கடைசியில் மறுபடி நின்றிருந்தார். ரூத்தம்மா பார்த்தார். தெரிந்தும் கயிற்றைக் கொடுத்தார்.

எல்லோரும் கலைந்த பிறகு எப்பவந்தார் என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். வேட்டி மடிப்பிலிருந்து பசை டப்பாவை எடுத்தார், ஓரிக்கையிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். நாற்பதுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் நடுவில் தாளை ஒட்டி, தையல் ஓரமாக விரலால் நீவினார். நோட்டைத் திறந்தபடியே மேஜைமேல் வைத்தார். நான் கிளம்பினேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போறீங்க வாத்யாரே? காயட்டும். அதுக்குள்ள சொல்லுங்க. நீங்க எப்ப வந்தீங்க?"

"தாது வருஷம் ஐயா. மூணாம் நாள். நடந்து" என்றேன். மிச்சத்தையும் சொன்னேன்: "ரெண்டு தடவை."

தலையை ஆட்டிக்கொண்டார். பசை சீக்கிரம் காய்கிற பசைதான். அப்போதே காய்ந்துவிட்டது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.